கூறை மாற்ற ஒரு கேரவன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். இதுவரை எழுதியதெல்லாம் பிளைவுட் கடைக்குக் கொடுத்த அளவுச் சீட்டுகள்தான். அவற்றிலும் எழுத்தைவிட எண்ணே அதிகம். எங்கள் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுத எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவைப் பிடிப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். ஆனால் மொன்ட்ரியாலில் என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. நாலு பேர் கூடினாலே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சாலிகிராமத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் கேரவன் உள்வேலை செய்கிறேன். படப்பிடிப்பில் நடிகர்கள் உடை மாற்றவும் ஒப்பனை போடவும் தெருவோரம் நிற்குமே, அந்த வண்டி. என் மனைவி மல்லிகா யாழ்ப்பாணத்துக்காரி. அவளுடைய ஒரே அண்ணன் சிவபாலன் மொன்ட்ரியாலில் இருக்கிறார். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். இந்தக் கட்டுரையில் மச்சான் என்று நான் எழுதும் இடமெல்லாம் அவர்தான்.

அவர் மகள் அபிராமிக்குக் கல்யாணம். ஒருநாள் போனில் சொன்னார்: "மச்சான், உம்மட கைவேலை ஒண்டு கிடக்கு. நான் ஒரு கரவன் வாங்கிப்போட்டன். பொம்பிளை கூறை மாத்த. நீர் வந்து உள்ளுக்குச் செய்து தாரும்." பொம்பிளை என்று அவர் சொன்னது மணமகளை.

எனக்கும் மல்லிகாவுக்கும் சேர்த்துத்தான் விசா கேட்டோம். எனக்கு மட்டும் வந்தது. "பேசத் தெரிஞ்ச எனக்கு இல்லையாம், வாய் திறக்காத உங்களுக்கு விசாவாம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டி கட்டிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் கேரவன் என்றால் பேருந்துதானே, நாற்பதடி பேருந்துக்கு ஒரு வரைபடம் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய் இறங்கிய மறுநாள் காலை மச்சான் என்னை வீட்டின் பின் சந்துக்கு அழைத்துப் போனார். அவர் வீடு மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று குடும்பம் இருக்கும் செங்கல் கட்டடம். வெளிப்பக்கமாக இரும்புப் படி வளைந்து இறங்குகிறது. பின்னால் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. பெரிய வாத்து முட்டையைப் படுக்க வைத்து இரண்டு சக்கரம் மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

"மச்சான், கேரவன் எங்கே?" என்றேன்.

"உதுதான் மச்சான்!"

அது ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஃபைபர் வண்டி. இஞ்சின் கிடையாது. காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டியது. ஊர்க்காரர்கள் அதை ரூலொட் என்கிறார்கள். கோடையில் ஏரிக்கரைக்கு இழுத்துப் போய் அதற்குள் தூங்குவார்களாம். உள்ளே போனேன். நிமிர்ந்தேன். தலை இடித்தது. அளந்து பார்த்தால் ஐந்தடி மூன்று அங்குலம். என் வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"அபிதான் படத்தைப் பாத்துப்போட்டு வடிவா இருக்கு எண்டவள்" என்றார் மச்சான்.

அபி பின்னால் வந்து நின்றாள். ஐந்தடி எட்டு அங்குலம். அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். "படத்தில உயரம் தெரியேல்ல மாமா" என்றாள்.

சென்னை வாசகர்களுக்காக ஒரு விஷயம். யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் மணமகள் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். நடுவில் மாப்பிள்ளை தட்டில் வைத்துக் கூறைச்சேலையைக் கொடுப்பார். அவள் எழுந்து போய் அதை உடுத்திக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. முகூர்த்தம் முடிவதற்குள் இவ்வளவும் நடக்க வேண்டும். மண்டபத்தில் என்றால் பக்கத்தில் ஓர் அறை இருக்கும். அபியோ நகரத்துக்கு வெளியே ஓர் ஆப்பிள் தோட்டத்தில்தான் கல்யாணம் என்று பிடிவாதமாக இருந்தாள். "நாப்பது கலியாணத்துக்குப் போயிருப்பன் மாமா. எல்லாம் ஒரே ஹோல், ஒரே பூ, ஒரே கதிரை உறை" என்றாள். தோட்டத்தில் அறை கிடையாது. ஆகவே இந்த முட்டை.

அன்று மாலையே டொரொண்டோவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா செல்வராணி அம்மாள் கூப்பிட்டார். மச்சான் ஸ்பீக்கரில் போட்டார்.

"சிவபாலன் அண்ணை, என்ன கதை இது? பொம்பிளை கரவனுக்குள்ள கூறை மாத்துதாம்? சந்தையில வாழைக்குலை ஏத்துற வாகனத்துக்குள்ளயோ என்ர மருமகள் உடுப்பு மாத்துறது?"

"இல்லை அக்கா, இது வேற கரவன்..."

"என்ன வேற? எங்களிட்டயும்தான் ரெண்டு கரவன் நிக்குது! ஏழு சீற்! காலைத் தூக்கவே ஏலாது!"

அப்போதுதான் விளங்கியது. கனடாவில் ஏழு இருக்கை உள்ள ஒரு குடும்ப வண்டிக்கு அந்தப் பெயர். நம் ஆட்கள் அந்த மாதிரி எந்த வண்டியையும் கரவன் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். மச்சான் சொன்னது ஒன்று, நான் நினைத்தது ஒன்று, அந்த அம்மாள் கேட்டது ஒன்று. ஒரே சொல்லுக்குள் மூன்று வண்டி.

விளக்கிச் சொன்னபின்னும் அவர் இறங்கி வரவில்லை. "நான் வியாழக்கிழமை வந்து என்ர கண்ணால பாப்பன். மனசுக்குப் பிடிக்கேல்ல எண்டா, லவாலில எங்கட ஆளின்ர ஹோல் வெறுமனே கிடக்கு. அங்க வைப்பம். அவ்வளவுதான்."

கல்யாணம் அடுத்த வாரம் சனிக்கிழமை. அன்று வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமைக்குள் முடிக்க எனக்கு ஆறு நாள் இருந்தது. அபி வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் புவாண்ட்-கிளேர் பக்கம் புது ரூலொட்டுகள் விற்கும் ஒரு முற்றத்தைப் பார்த்துவரக் கிளம்பினேன். மச்சானுக்கு வேலை. அபி அங்கே வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்றேன், வந்தது, ஏறினேன். அரை மணி கழித்துத்தான் பஸ் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நான் நம் ஊர்ப் பழக்கத்தில் சாலையின் தப்பான ஓரத்தில் நின்றிருக்கிறேன். ஓட்டுநர் அம்மாளிடம் முகவரிச் சீட்டைக் காட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து இறக்கி, சாலையைக் கடத்தி, எதிர் நிறுத்தத்தில் நிறுத்திவிட்டுப் போனார். நான் சொன்னது 'மெர்சி' ஒன்றுதான், அந்த ஊர்ப் பிரெஞ்சில் நன்றி. அந்த ஊரில் வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அந்த முற்றத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு வண்டியின் சுவர் பொத்தானை அழுத்தினால் இழுப்பறை மாதிரி வெளியே வந்து அறை இரட்டிப்பாகிறது. ஒன்றின் கூரை முழுக்கச் சூரியத் தகடு. இன்னொன்றில் விளக்கு, கட்டில், சூடு எல்லாவற்றையும் போனிலேயே இயக்கலாம். இவற்றில் பாதியை நாமும் செய்கிறோம் என்று மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது விற்பனைக்காரர் ஒரு பொத்தானைத் தட்டினார். கண்ணாடி சன்னல் பால் ஊற்றியது போல வெளுத்தது. மறுபடி தட்டினார், தெளிந்தது.

"இனி வாறதெல்லாம் இப்பிடித்தானாம். திரைச்சீலை எண்டதே இருக்காதாம்" என்று அபி மொழிபெயர்த்தாள்.

திரைச்சீலை தைத்துப் பிழைப்பவனிடம் இதைச் சொல்கிறோம் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

ஒன்று கவனித்தேன். எல்லா வண்டிக்கும் சுற்றிலும் சன்னல். படுத்துக்கொண்டு மரத்தைப் பார்க்கலாம், சமைத்துக்கொண்டு ஏரியைப் பார்க்கலாம். அவர்கள் கேரவனைக் கட்டுவது வெளியே பார்ப்பதற்கு. நாம் கட்டுவது வெளியே இருப்பவர் பார்க்காமல் இருப்பதற்கு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் வெளிப்புறப் படப்பிடிப்பில் நாலு பெண்கள் நாலு சேலையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்பார்கள், நடுவில் நடிகை உடை மாற்றுவார். நம் முதல் கேரவன் அந்த நாலு சேலைதான். பிறகு வேன் வந்தது, பேருந்து வந்தது, கறுப்புக் கண்ணாடி வந்தது. வேலை மட்டும் மாறவில்லை. ஒருவர் தயாராகும்வரை அவரை யாரும் பார்க்கக் கூடாது.

கிளம்பும்போது முற்றத்தின் மூலையில் ஒரு சின்ன வண்டியின் கூரை மட்டும் குடை போல மேலே எழும்பி நின்றது. சுற்றிலும் கித்தான் துணி. ஓடும்போது கூரையை அமுக்கி வைப்பார்கள், நின்றதும் தூக்கிவிடுவார்கள். அதன் கீழே போய் நின்று கையைத் தூக்கினேன். விரல் தட்டவில்லை.

"மாமா, சிரிக்கிறீங்கள்" என்றாள் அபி.

வெளியே ஒரு கடையில் பூட்டின் வாங்கிக் கொடுத்தாள். உருளைக்கிழங்கு வறுவலின்மேல் பாலாடைக்கட்டியைப் போட்டுச் சூடான குழம்பை ஊற்றிக் கொடுக்கிறார்கள். மொறுமொறுப்பாகச் செய்ததை எதற்காக நனைக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே முழுவதையும் தின்றுவிட்டேன்.

நம் முட்டைக்கும் அதே மாதிரி கூரையை அறுத்துத் தூக்குவதென்று முடிவு செய்தேன். ஞாயிறு முழுவதும் சுவருக்கு உட்பக்கம் அலுமினியச் சட்டம் அடித்தேன். கூரையை அறுத்தால் சுவர் ஆடும். சட்டம் போட்டுவிட்டால் ஆடாது. திங்கள் காலை அறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுத்தபோது சந்தில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் எழுபது வயதைத் தாண்டிய ரேஜான். மச்சானுக்கு அந்த ரூலொட்டை விற்றவர். உதிரிச் சாவி ஒன்றைக் கொடுக்க வந்திருந்தார். என் கையில் இருந்த கிரைண்டரையும், கூரையில் நான் போட்டிருந்த கோட்டையும் பார்த்து "நோ! நோ! நோ!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

மச்சான் நடுவில் போய் நின்றார். இரண்டு பேரும் பிரெஞ்சில் கையை வீசிப் பேசினார்கள். மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"வெட்ட வேண்டாமா?" என்றேன்.

"வெட்டத்தான் சொல்லுறார் மச்சான். ஆனா அதில வெட்டினா நாசமாப் போகுமாம். இந்தச் சாமானை அச்சில வாத்த பக்டரியில மனுசன் வேலை செய்தவராம்!"

ரேஜான் வண்டியைத் தட்ட ஆரம்பித்தார், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல. டொக், டொக், டொக். சன்னலுக்கு ஒரு சாண் மேலே சத்தம் மாறியது. டம். அங்கே ஃபைபர் இரட்டையாக இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன். டொக், டம். அவர் தலையாட்டினார். இப்படியே இருவரும் வண்டியைச் சுற்றி வந்தோம், அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், தட்டித் தட்டிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு. என் பழைய கோடு அந்தக் கெட்டிப் பட்டைக்குக் கீழே நாலு விரல் தள்ளி, மெல்லிய இடத்தில் இருந்தது. அதில் அறுத்திருந்தால் முட்டை ஓடு போலவே விரிசல் ஓடியிருக்கும்.

அறுத்து முடித்ததும் கூரையை மூன்று பேருமாகத் தூக்கிப் புல்லில் வைத்தோம். தலையில்லாத முட்டையைப் பார்த்து மச்சானின் மனைவி வசந்தி அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டார். "ஐயோ, இனி இது பொருந்துமோ?" என்றார். பிறகு எல்லோருக்கும் பிட்டும் காரமான தேங்காய்ச் சம்பலும் கொடுத்தார். ரேஜான் சம்பலை ஒரு கரண்டி முழுக்க வாயில் போட்டுக்கொண்டு கண் கலங்க, "பிரமாதம், இன்னும் கொஞ்சம் தாருங்கள்" என்று பிரெஞ்சில் கேட்டதாக மச்சான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கூரையைத் தூக்கி நிறுத்தும் நாலு தண்டுகளைப் பொருத்தினேன். நம் கார் டிக்கியில் இருக்குமே, அதே காற்றுத் தண்டு. கித்தான் துணி தைக்க அக்காவின் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். மூன்று ஊசி உடைந்தது. தெருக்கோடியில் காலணி தைக்கும் கடை ஒன்றைப் பார்த்திருந்தேன். மொழிபெயர்க்க யாரும் வீட்டில் இல்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு தனியாகப் போனேன். கடைக்காரரிடம் துணியைக் காட்டினேன், அவர் மெஷினைக் காட்டினேன், என் நெஞ்சைத் தொட்டேன். அவர் எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டார். நான் தைப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர் பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டார். அந்நிய நாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் தன் கடையை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். இதை எழுதும்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

புதன்கிழமை, நம் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்சுவரை மூடத் துணி வாங்கினோம். அந்தத் தெருவில் நடந்தால் வெளிநாடு என்ற நினைப்பே வராது. துணிக்கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். மச்சான் என்னை, "இவர் சினிமாவுக்குக் கரவன் செய்யிறவர்" என்று அறிமுகம் செய்ததும் கடையில் இருந்த எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணை, ஆரின்ர கரவன் அண்ணை செய்தனீங்கள்?" "உள்ளுக்கு என்ன சாப்பிடுவினம்?" நான் மஞ்சள் துணிக் கட்டுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

சன்னலுக்குத் திரை போடவில்லை. ஒவ்வொரு சன்னலுக்கும் உள்பக்கமாக மடக்குப் பலகை செய்து அதில் நிலைக்கண்ணாடி பதித்தேன். பலகையை இறக்கினால் வெளிச்சம், ஏற்றினால் சன்னல் மறைந்து நாலு பக்கமும் கண்ணாடி. மேலே கித்தான் வழியாக வெளிச்சம் மட்டும் வடிந்து வரும். உருவம் தெரியாது.

வியாழன் காலை பதினோரு மணிக்குச் செல்வராணி அம்மாள் வந்து இறங்கினார். பச்சைச் சேலை, பெரிய கொண்டை, கையில் பெரிய பை. வணக்கம் சொல்வதற்கு முன்பே வண்டியைச் சுற்றி வந்தார்.

"சுத்திவர யன்னல்!" என்றார்.

நான் உள்ளே போய்ப் பலகைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன், வெளியே வந்து கொக்கிகளைக் கழற்றிக் கூரையைத் தள்ளினேன். அது மூச்சு விடுவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு மேலே போய் நின்றது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. உள்ளே காலடி மட்டும் கேட்டது. அக்கா பிள்ளையாரைக் கூப்பிட ஆரம்பித்தார். மச்சான், "சீமாட்டி நித்திரையாப் போச்சுதோ?" என்றார். அக்கா அவர் தொடையில் கிள்ளினார். அபி நகத்தைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. செல்வராணி அம்மாள் நீலச் சேலையில் இறங்கினார். பையில் கொண்டுவந்திருந்த சேலையை முழுக்கக் கட்டிப் பார்த்திருக்கிறார்!

"கொய்யகம் நல்லா விழுது" என்றார். கொசுவத்தை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். "பின்பக்கமும் கண்ணாடியில தெரியுது. ஹோலில எனக்கு ஒருநாளும் பின்பக்கம் தெரிஞ்சதில்லை."

மச்சான் விசில் அடித்தார். அபி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்கோ" என்றார் அந்த அம்மாள். "ஆர் செய்தது இது? நீங்களோ? கொளுவி ஒண்டுகூட இல்லை. கழட்டுற சீலையை எங்க போடுறது? நகையை எங்க கொளுவுறது? நடிகைமார் எல்லாத்தையும் நிலத்திலயோ போடுறவை?"

நியாயமான கேள்வி. அன்று மதியமே சேலையும் நகையும் மாட்ட ஏழு கொளுவி அடித்தேன். ஒவ்வொன்றையும் எங்கே அடிக்க வேண்டும் என்று அவரே நின்று விரலால் காட்டினார்.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக்கு இழுத்துப் போகும்போது நெடுஞ்சாலையில் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையை மேலே மேலே காட்டினார். "நல்ல மனுசன், கலியாணம் எண்டு கண்டுபிடிச்சிட்டார்" என்று மச்சானும் பதிலுக்குக் கையைக் காட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். முன் கொக்கி இரண்டும் கழன்று, கூரை முதலை வாய் போலத் திறந்திருந்தது. "மச்சான், நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் கத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஓரங்கட்டி நிறுத்தி, அலங்காரத்துக்குக் கொண்டுபோன பிளாஸ்டிக் வாழைமரங்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கூரையை இறுக்கினோம். மீதி வழி முழுக்க வாழைமரம் இரண்டையும் நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, கித்தான் ஒரு இடத்திலும் கிழியவில்லை. மாலையில் கொக்கிகளுக்கு மேல் பூட்டு போட்டேன்.

சனிக்கிழமை. ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் மணவறை. ஐயர் தட்டை எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை கூறையைக் கொடுத்தார். அபி எழுந்தாள். "அரை மணித்தியாலம்தான் இருக்கு, கெதியா வாங்கோ" என்றார் ஐயர். அபியும் மூன்று பெண்களும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வண்டியின் பின்பக்கம் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ, "கையை வடிவாத் தூக்கு, இடிக்காது!" என்றார்கள்.

பதினெட்டாவது நிமிடம் கதவு திறந்தது. நான் முன்பக்கம் ஓடினேன்.

கூரையை என்னால் உயர்த்த முடிந்தது. கதவை உயர்த்த முடியவில்லை. ஐந்தடி எட்டு அங்குலப் பெண் கூறையும் நகையும் பூவுமாகத் தலையைக் குனிந்து, மெல்லக் காலை எடுத்து வைத்து இறங்கினாள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "பாரன், இந்த நாட்டில பிறந்த பிள்ளை, எவ்வளவு அடக்கமா குனிஞ்சு வருது!"

அபி நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். மேளம் கொட்டியது, தாலி ஏறியது. முகூர்த்தத்துக்கு இன்னும் எட்டு நிமிடம் மிச்சம் என்று ஐயர் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தார்.

அதன் பிறகு நடந்ததை எந்தத் தயாரிப்பாளரும் எனக்குச் செய்ததில்லை. இரு வீட்டுப் பெண்களும் வண்டி வாசலில் வரிசையில் நின்றார்கள், உள்ளே போய்ச் சேலையைச் சரிசெய்துகொள்ள. செல்வராணி அம்மாள் வாசலில் நின்று, "ரெண்டு ரெண்டு பேராப் போங்கோ" என்று ஒழுங்குபடுத்தினார். ஏதோ அவரே கட்டிய வண்டி மாதிரி, வந்தவர்களுக்கெல்லாம் கொளுவிகளைக் காட்டினார். மச்சான் மைக்கைப் பிடுங்கி என் பெயரைச் சொல்லி, "என்ர மச்சான், சென்னையிலயிருந்து வந்தவர்!" என்று அறிவித்தார். எல்லோரும் திரும்பிக் கைதட்டினார்கள். இந்த முறை ஒளிந்துகொள்ளத் துணிக்கட்டு ஏதும் இல்லை. கைகூப்பி நின்றேன். முழுக் கைதட்டலும் முடியும்வரை நின்றேன்.

ரேஜான் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் குறைந்ததும் உள்ளே போய் நடுவில் நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு ஏதோ சொன்னார். அபி கூறையோடு வந்து மொழிபெயர்த்தாள்.

"இதை அச்சில வாக்கேக்க, ரெண்டு பேர் படுக்க இடம் காணுமோ எண்டு மட்டும்தான் எல்லாரும் பாத்தவையாம். ஒரு ஆள் நிமிர்ந்து நிக்க ஆசைப்படும் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லையாம், மாமா."

மறுநாள் காலை மழை தூறியது. ஒன்பது மணிக்குத் தோட்டத்துக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். வண்டியை இழுத்து வந்து சந்தில் நிறுத்திவிட்டு, மீந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.